கழன்றிருக்க வேண்டிய கட்டை

என் அக்கா புருஷனின் முழங்காலை முறித்தவன் நான்தான். கை தவறி நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கோபத்தில், தெரிந்தே செய்தேன். செய்துவிட்டுப் பழியை அவர் தலையிலேயே கட்டினேன்.

இதற்கே முகம் சுளிக்கிறீர்களா? இருங்கள்... இன்னும் இருக்கிறது.

திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வண்டியில் போனால் ஓர் ஏரிக்கரை விடுதி. படகு முன்னால் இழுக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் சறுக்கும் விளையாட்டு அங்கே உண்டு. வருகிறவர்களை அதற்குத் தயார் செய்வது என் வேலை. காலில் மாட்டும் நீளப் பலகையைக் கட்டை என்போம். அதன் மேல் ரப்பர் பிடி இருக்கும். அதில் பாதத்தை நுழைத்து, குதிகால் பகுதியை முன்னே நகர்த்திப் பூட்ட வேண்டும்.

அந்தப் பூட்டில்தான் எல்லாமே! தளர்ந்துபோனால் கட்டை பாதியிலேயே ஓடிவிடும். இறுகிப்போனால்... விழும்போது கழலாது. படகு வேகத்தில் விழுகிறவன் காலில் ஆளுயரக் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் அதைப் பிடித்து முறுக்கும். கட்டைக்கு ஒன்றும் ஆகாது, கால்தான் போகும். அதனால் மாட்டியதும் குதிகாலைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பலமாகத் தூக்கினால் பாதம் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி வர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே!

பாவா, அதாவது அந்த அக்கா புருஷன், ஆர்.கே.பேட்டையில் கைத்தறி நெய்பவர். வாய் சும்மா இருக்காத மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மச்சானைக் கேலி செய்வது பாவாவின் உரிமையாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு விடுதிக்கு வந்தார். அழைத்தவனும் நான்தான். என் வேலையை அவருக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள ஆசை.

முதல் தடவை விழுந்தார். கட்டை கழன்றது. மறுபடியும் விழுந்தார். மறுபடியும் கழன்றது. நான் சரியாகப் பூட்டியிருந்தேன், அதனால் கழன்றது! கரையேறிய மனுஷன், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சத்தம் போட்டார்.

"இன்னா மச்சான், ஒரு கட்டைய ஒழுங்கா மாட்டத் தெரியல? இதுக்கா தெனம் வண்டில பவுசா வந்துகினு கீற? எங்க தறி மிதி கூட இப்படி நழுவாதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

'கழலுவதற்காகவே அப்படிப் பூட்டியிருக்கிறேன் பாவா...' இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேனா? வாயைத் திறந்தேனா? மறுபடியும் மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டினார். குனிந்தேன். இடது காலின் குதிப்பகுதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே தள்ளிப் பூட்டினேன். வலது பூட்டில் மணல் ஏறியிருந்தது, நகரவில்லை. எக்கேடோ கெடட்டும் என்று அப்படியே விட்டேன். ஒரு கால் இறுக்கம், ஒரு கால் தளர்வு. இதைவிடக் கேடாக ஒருவருக்குக் கட்டை மாட்ட முடியாது!

"இப்ப கழலுதான்னு பாக்கலாம் பாவா" என்றேன்.

"ஆங்... இது பூட்டு!" என்று என் தோளில் தட்டினார். கால் வலித்திருக்கும். சொல்லவில்லை.

படகில் நான் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தேன். விழுகிறவரைக் கவனிப்பதும் என் வேலைதான். திருப்பத்தில் அலை இடித்தது. பாவா கயிற்றை விட்டார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்... விழும்போது கயிற்றை விடாவிட்டால் படகு இழுத்துக் காலை முறுக்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன், அப்படியே விட்டார். வலது கட்டை தனியே பறந்தது. இடது கட்டை காலோடு போனது. உடம்பு ஒரு பக்கம் உருள, கால் வேறு பக்கம் திரும்பியது. ஐயோ, அந்த அலறல்! நான்தான் தண்ணீரில் குதித்துக் கட்டையைக் காலிலிருந்து உருவினேன்.

கரையில் கிடத்தினோம். எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டையைத் தூக்கிக்கொண்டு படகு மறைவுக்குப் போனேன். இடது பூட்டைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன். அக்கா என் பெயரைச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருந்தாள். நான் பூட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்! சீ... நானெல்லாம் ஒரு மனுஷனா?

விடுதி மேலாளர் வந்து கட்டையைச் சோதித்தார். சரியாக இருந்தது. இருக்காதா பின்னே? படகு ஓட்டிய பாஷா பாய் முன்னே பார்த்து ஓட்டியவர், பாவம், ஒன்றும் அறியாதவர். "கயித்த விட்ருக்க மாட்டாரு. புதுசா வர்றவங்க பயத்துல இறுக்கிப் புடிச்சுக்குவாங்க" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆங், விடல" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பாவா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டேன்னுதான்டா எனக்கு நெனப்பு கீது. விடலயா?"

"விடல பாவா."

"நீ பாத்துகினு தான இருந்த... அப்போ சரிதான். என்னால உனக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காத."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார் ஐயா... என்னிடம்! அந்த இடத்திலேயே என் கன்னத்தில் ஓங்கி அறைந்திருக்கக் கூடாதா? தன் கை செய்ததைத் தானே நம்பாமல் என் பேச்சை நம்பினாரே, அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

அறுவை சிகிச்சை செய்தும் முழங்கால் சரியாக மடங்கவில்லை. தறிக்குழியில் கால் வைத்து மிதிக்க முடியாது. இப்போது அக்காதான் குழியில் இறங்குகிறாள். சமைத்துவிட்டு வந்து நெய்கிறாள், நெய்துவிட்டுப் போய்ச் சமைக்கிறாள். பாவா வெளியே உட்கார்ந்து அவளுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றித் தருகிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி மலைப்படி ஏறியவர், இந்த வருஷம் அடிவாரத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். நான் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்!

இன்னும் இருக்கிறது என்றேனே... கேளுங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு, புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாதுகாப்பு விளக்கம் சொல்லும் வேலையை மேலாளர் எனக்குக் கொடுத்தார். எனக்கு! குதிகாலைத் தூக்கிப் பாருங்கள் என்பேன். விழும்போது கயிற்றை விட்டுவிடுங்கள் என்பேன். ஒருநாள் யாரும் கவனிக்காமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலில் வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்லயே ஒருத்தர் விடாம புடிச்சுகினு கால ஒடச்சுகினாரு!" கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. மேலாளருக்கு அது பிடித்துப்போயிற்று. தினமும் சொல்லச் சொன்னார். தினமும் சொல்கிறேன்.

போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாவா எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்: "என் கதைய அங்க எல்லாருக்கும் சொல்லிகினு கீறியாமே?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். தெரிந்துவிட்டது... அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்தேன்.

"சொல்லு மச்சான், சொல்லு. பேரையும் சேத்துச் சொல்லு. நாலு பேரு காலாவது தப்பட்டும்."

அக்கா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.

இன்று காலை வந்த கூட்டத்துக்கு அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.