ஆயிரம் வோல்ட்டுக்கு ஒரு பொட்டு

பெருங்குடி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மயிலாப்பூர் வீட்டுப் பின்னறையில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தேன். கதிர்வீச்சை உணரும் குழாய்க்கு அது ஆயிரம் வோல்ட் தரவேண்டும், துளியும் ஆடாமல். மின்சாரம் லேசாக இருமினாலும் குழாய் அதைக் கதிர்வீச்சு என்று எண்ணிவிடும். பெட்டியைக் கேட்டிருந்த அடையாறு கல்லூரிப் பேராசிரியை ஏற்கெனவே இரண்டு முறை, "இன்னும் இரைச்சல் இருக்கு சார்" என்று திருப்பித் தந்திருந்தார். இன்னொரு முறை திரும்பினால் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் வோல்ட்டைக் காட்டும் திரையில் கோடு ஆடாமல் நின்றது. நிம்மதியாகச் சுவிட்சை அணைத்துப் பெட்டியைப் பூஜைக்குக் கொடுத்தேன். பூஜையன்று எதையும் தொடக்கூடாது. மீட்டரும் சால்டரிங் அயர்னும் பொட்டு வைத்துக்கொண்டு பொரிகடலைக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்தன.

விஜயதசமி காலையில் போட்டுப் பார்த்தால் கதிர்வீச்சு எண்ணிக்கை எகிறுகிறது. அதை நம்பினால் மயிலாப்பூரையே காலி செய்யவேண்டும். கெப்பாசிட்டரைத் திட்டினேன், அதை விற்றவரையும் திட்டினேன். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

பெட்டியின் பின்பக்கம் குனிந்தபோது சந்தன வாசனை வந்தது. கேபிள் மாட்டும் இடத்தைச் சுற்றிய வெள்ளை வளையத்தில் பெரிய பொட்டு. வீடு முழுக்கப் பொட்டாக இருந்ததால் இது கண்ணில் படவில்லை. ஆயிரம் வோல்ட் மின்சாரம், பெட்டியின் தகரத்துக்குப் போகாமல் தடுப்பதே அந்த வளையம்தான். மழை ஈரத்தில் சந்தனம் காயவில்லை, அதன் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

"இங்க யாரு வெச்சது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "இருக்கறதுலயே முக்கியமான இடம் இதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அதான் பெருசா வெச்சேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அணைத்து, மின்சாரம் வடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டேன். மறுபடி போட்டதும் கோடு நின்றது. அவள் முகம் வாடியிருந்தது. மேல்மூடியில் வைக்கச் சொன்னேன், சந்தோஷமாக வைத்தாள்.

மறுநாள் பேராசிரியை பெட்டியைச் சாயங்காலம் வரை ஓடவிட்டார். நான் கேன்டீனில் டீயாகக் குடித்துத் தள்ளினேன். கடைசியில் வந்து, "இங்கயே இருக்கட்டும் சார், நாளைக்கே பிள்ளைங்களுக்கு லேப் இருக்கு" என்றார்.

கதவைத் திறந்த மனைவி முதலில் என் கையைத்தான் பார்த்தாள். வெறுங்கையோடு வந்த என்னை அவள் அப்படிச் சிரித்து வரவேற்றது அதுதான் முதல் தடவை.