மூன்று ரேசர், ஒரு கழுத்து

பாலிஷ்காரருக்கு அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் இன்னொரு பெயரும் உண்டு: சீதாப்பழம். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அதுவும் அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று. ஷேவ் செய்த மறுநாள் அவருடைய கழுத்தைப் பார்த்தவர்கள் பெயர் வைத்தவனைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தாடையிலிருந்து தொண்டைக்குழி வரை முண்டு முண்டாகச் சிவந்திருக்கும். சட்டைக் காலர் பட்டாலே எரியும். வெட்டுப்பட்ட மயிர் வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டு, நாலாவது நாள் சீழ் கோத்துக்கொண்டு எழுந்து வரும்.

பதினேழு வயதில் பிடித்த சனி இது. படிகாரம், பனிக்கட்டி, பச்சைக் களிம்பு, வெள்ளைக் களிம்பு, இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, கடைசியாக ஐந்து பிளேடு வைத்த ரேசர் என்று அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. பிளேடு கூடக் கூட முண்டும் கூடியது. கல்யாணப் படத்தில் அவர் மட்டும் குனிந்தபடியே இருப்பார். மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று பெண் வீட்டில் பூரித்துப் போனார்கள். கழுத்தை மறைக்கத்தான் அந்தக் குனிவு என்பது மறுநாள் காலை மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவள் பேருந்து நிலைய டிக்கெட் கவுன்டரில் வேலை செய்பவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பார்த்தாள், "வலிக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளோடு ஆயுசுக்கும் இருக்கலாம் என்று அன்றைக்கே அவருக்குத் தோன்றியதாம்.

நாளடைவில் அவரும் முகத்தோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டார். ஐந்து நாளைக்கு ஒரு ஷேவ், நடுவில் முள்தாடி. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் நிற்பது ஸ்ப்ரே அறைக்குள். அலமாரிக் கதவும் மேஜைப் பலகையும் வந்து நிற்கும், அவர் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடிப்பார், கதவு போய்விடும். கதவு எதுவும் அவருடைய தாடையைப் பார்த்ததில்லை. அந்த அறைக்குள் அவர் ராஜா. அவர் அடித்த கதவில் பூச்சு வழிந்த தடமாக ஒரே ஒரு வழிசலைக் காட்டுபவருக்கு டீ வாங்கித் தருவதாக ஒரு பந்தயம் வைத்திருந்தார். அந்த டீயை இன்றுவரை யாரும் குடித்ததில்லை.

இந்த நிலையில்தான் தொழிற்சாலைக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தாள். சின்ன வயசு, மெல்லிய குரல், ஆனால் பிடித்த பிடியை விடாதவள். பழைய துணி முகமூடிகளையெல்லாம் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடிகளை வரவழைத்தாள். முகமூடி கொடுத்தால் மட்டும் போதாது, அது முகத்தில் ஒட்டி உட்காருகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதனை வைத்தாள். சோதனை சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த ஒரு பையைத் தலையில் கவிழ்த்துவிட்டு, ஒரு துளை வழியாகக் கசப்பு மருந்தைப் பனிபோல் உள்ளே அடிப்பார்கள். முகமூடி சரியாக ஒட்டியிருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. இடைவெளி இருந்தால் கசக்கும்.

பாலிஷ்காரருக்கு இரண்டாவது அடியிலேயே நாக்கு சுருண்டுவிட்டது. அன்றைக்கு அவருடைய தாடி நாலு நாள் தாடி. அதிகாரி பையைக் கழற்றினாள், தாடையைப் பார்த்தாள், தாளில் ஏதோ எழுதினாள்.

"இந்தக் கசப்பு உள்ள வருதுன்னா, லாக்கர் புகையும் உள்ள வருதுன்னுதான் அர்த்தம், அண்ணா" என்றாள்.

வீட்டில் அவருக்கு ஒரு இருமல் உண்டு. அதற்குத் தூசி, பனி, வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி விதியைச் சொன்னாள். முகமூடி போடுபவர் தினமும் வழவழவென்று ஷேவ் செய்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதனை. அதுவரை ஸ்ப்ரே அறைக்குள் போகக்கூடாது, உப்புத்தாள் தேய்க்கும் பகுதியில் உட்கார வேண்டும். அதிலும் தேறாவிட்டால் தேய்க்கும் பகுதியிலேயே நிரந்தரமாக இருந்துவிடலாம். இதை அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள்.

தினமும் ஷேவ் என்றால் அவருடைய கழுத்து ஒரே வாரத்தில் புண்ணாகும். புண்ணின் மேல் ரப்பர் ஒட்டாது. ஷேவ் செய்தாலும் தோல்வி, செய்யாவிட்டாலும் தோல்வி. அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. என் அறை போச்சு என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

மனைவி உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். இந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. குளியலறைச் சாமான் விற்பவர், பளபளப்பு என்று எங்கே கண்டாலும் வாங்கிவிடுவார். வீட்டில் ஏழு சேஃப்டி ரேசர்களைத் தாங்கி வைத்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார், விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று ரேசர்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, நகைக்கடைக்காரரைப் போல ஒவ்வொன்றாக விரித்தார்.

முதலாவது முழுக்க எஃகு. கையில் எடுத்தால் சின்னச் சுத்தியல் கனம், தலையில் சீப்புப் பல் போல வரிசை. இருப்பதிலேயே விலை கூடியது. இரண்டாவதன் கழுத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். திருகினால் பிளேடு கூடவோ குறையவோ எட்டிப் பார்க்கும். மூன்றாவது குட்டையாக, மொழுக்கென்று, பிளேடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. அது அரிச்சுவடிக்காரர்களுக்கு என்றும், கூட்டத்துக்கு ஒரு ஆளாகக் கொண்டுவந்ததாகவும் மச்சான் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. ஐந்து பிளேடு மயிரை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டிவிடும், அதனால்தான் உள்ளே சுருளுகிறது. ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் வெட்டும். அழுத்தவே கூடாது. எப்போதும் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், அதுதான் மயிரின் போக்கு. அறிவுரை என்று வந்துவிட்டால் மச்சானுக்குக் காசு செலவில்லை. ஆனால் அன்று அவர் சொன்னதில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் சரி.

பாலிஷ்காரர் வேலையில் இறங்கினார். இரண்டு லாக்கரை ஒப்பிட வேண்டுமானால் ஒரே பலகையில் பாதிக்கு இது, பாதிக்கு அது அடித்துப் பார்ப்பதுதான் அவர் தொழில் முறை. பலகைக்குப் பதில் முகம். இடது பாதிக்கு எஃகு, வலது பாதிக்கு எண் ரேசர். ஒரே மாதிரி பிளேடு, ஒரே சோப்பு, ஒரே வெந்நீர், ஒரே நேரம். முடிவை ஒரு அட்டையில் எழுதிக் குளியலறைக் கதவின் ஆணியில் மாட்டினார். மறுநாள் இடது பக்கம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் கோபமா இருக்கிற மனுஷன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் மனைவி.

வலது பக்கமும் சீக்கிரமே கோபித்துக்கொண்டது. எண்ணை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினார், மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கினார். மூன்றாவது ரேசரையும் முயன்றார். அதில் கன்னம் தப்பித்தது, கழுத்து தப்பவில்லை. பதினோராம் நாள் அட்டையைப் பார்த்தால் கழுத்துக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் ஒரே வார்த்தைதான்: எரிச்சல். மூன்று ரேசரும் தண்டம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அது அப்போது அவருக்குத் தெரியாது.

பகல் பொழுது இன்னும் கொடுமை. தேய்க்கும் பகுதியிலிருந்து பார்த்தால் கண்ணாடி வழியே ஸ்ப்ரே அறை தெரியும். உள்ளே வேறொருவர். ஸ்ப்ரே துப்பாக்கியைக் கதவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோய் அடித்துக்கொண்டிருந்தார். வழிசல் ஓடுவது இங்கிருந்தே தெரிந்தது. பாலிஷ்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு தேய்ப்பார், மறுபடி பார்ப்பார்.

பன்னிரண்டாம் நாள் பக்கத்து மேஜைக்காரர் அலமாரிச் சட்டத்தின் மூலையை ஒரே வேகத்தில் சரசரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். பாலிஷ்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனார். தேய்த்த மரம் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கையில் ஒரு பழைய நைலான் காலுறையை மாட்டிக்கொண்டு தடவுவார்கள். காய்த்துப்போன விரலுக்குத் தெரியாத சிராய்கூட அதில் மாட்டி இழுக்கும். அந்தக் காலுறைக் கையோடே நின்று பாடம் எடுத்தார்.

"மேல் சட்டத்துல மரத்தோட ரேகை படுத்துப் போகுது. பக்கச் சட்டத்துல நின்னு போகுது. ரெண்டையும் ஒரே பக்கமா தேய்ச்சா கீறல் விழாம என்ன செய்யும்?"

சொல்லிக்கொண்டே, அரித்த கழுத்தை அந்தக் கையாலேயே மேலிருந்து கீழே தடவினார். நைலான் பற்றிக்கொண்டு இழுத்தது. கையைத் திருப்பிக் கீழிருந்து காதுப்பக்கமாகத் தடவினார். வழுக்கிக்கொண்டு போனது.

பாலிஷ்காரர் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் பாடம் முடிந்துவிட்டதாக நினைத்து உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்தார். இவர் நேரே கழிவறைக் கண்ணாடிக்குப் போனார். கழுத்தின் இடது பக்கம் மயிர் கீழிருந்து மேலே காதை நோக்கிப் போகிறது. வலது பக்கம் படுக்கை வாட்டில் போகிறது. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒரு சுழி. இருபத்தேழு வருடம், மேலிருந்து கீழே, எதிர்ப்போக்கில்! தன்னையே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார். திட்டும்போதே சிரிப்பும் வந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி, "மரத்துக்கு மட்டும்தான் உபதேசமா?" என்று கேட்டுவிட்டு, கண் மைப் பென்சிலை எடுத்து வந்தாள். அவர் நாற்காலியில் அண்ணாந்து உட்கார, தொழிற்சாலையிலிருந்து அவர் கொண்டுவந்த நைலான் காலுறையால் அவள் தடவித் தடவிக் கழுத்தெல்லாம் அம்புக்குறி போட்டாள். கல்யாணப் படத்தில் காட்டாத கழுத்தை இப்படி வெளிச்சத்தில் அவளுக்கு விரித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. கூச்சம் முதலில் இருந்தது, பிறகு இல்லை.

நான்கு நாள் தோலை ஆறப் போட்டார். பிறகு மறுபடி அதே பலகை முறை, இந்த முறை அம்புக்குறியின்படி. எஃகு ரேசர் அப்போதும் இரண்டு இடத்தில் கடித்தது. அவர் தோலுக்கு அது அதிகம். எண் ரேசர் ஒன்றில் வைத்தால் சொன்ன பேச்சு கேட்டது. ஆனால் திருகு என்று ஒன்று இருந்தால் கை சும்மா இருக்காது. மறுநாள் நாலுக்குத் திருகி வாங்கிக் கட்டிக்கொண்டார். கூட்டத்துக்கு ஒரு ஆளாக வந்த குட்டை ரேசர்தான் ஓசைப்படாமல் வேலையை முடித்தது. அடித்துத் தள்ளாமல் மெல்லிய பூச்சாக இரண்டு தரம் போனால் போதும், லாக்கர் மாதிரியே. அட்டையில் அதற்கு நேரே "ஒன்றுமில்லை" என்று எழுதினார். மறுநாளும் "ஒன்றுமில்லை". அதற்கும் மறுநாள் எழுதாமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் புறங்கையால் கழுத்தைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை அவர் பார்த்தார்.

மச்சானிடம் போனில் முடிவைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "அந்த எஃகு பாவம் பண்ணிச்சா, மாப்ள?" என்று கேட்டார். குட்டையை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, எஃகை மட்டும் அடுத்த நாளே வந்து எடுத்துப் போனார்.

சோதனை நாளன்று காலை பாலிஷ்காரர் அம்புக்குறிகளை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டு ஷேவ் செய்தார். ஒரு கீறல் இல்லை. அதிகாரி பையைக் கவிழ்த்தாள், கசப்பை அடித்தாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள், தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னாள், நிமிரவும் குனியவும் சொன்னாள், ஒரு தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் தீயணைக்கும் விதிகளைப் பள்ளிப் பிள்ளைபோலப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் கசப்பு வரும் வரும் என்று நாக்கு காத்துக்கொண்டே இருந்தது. தாள் முடிந்துவிட்டது.

"கசந்துச்சா?"

"இல்ல, மேடம்."

அவள் முகமூடியைக் கழற்றச் சொன்னாள். அவசரத்தில் அவர் பை தலையில் இருக்கும்போதே கழற்றிவிட்டார். உள்ளே நிரம்பியிருந்த கசப்பெல்லாம் ஒரே மூச்சில் வாய்க்குள் போயிற்று. முகம் கோணிக்கொண்டு வெளியே வந்தவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து அதிகாரியும் சிரித்துவிட்டாள். அப்பாடா என்று அவர் வாய்விட்டே சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மத்தியானமே ஸ்ப்ரே அறைக்குள் போனார். ஒரு கதவை நிறுத்தி, தூரம் பார்த்து, விசையை அழுத்தினார். உடனே நிறுத்திவிட்டார். துப்பாக்கியின் மூக்கு அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தார். அடைப்பில்லை. கதவில் லாக்கர் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது: வாசனை வரவில்லை.

இடைவேளையில் கவுன்டருக்குப் போன் போட்டார். தேறிவிட்டதை முதலில் சொன்னார். அந்தப் பக்கம் அவள் விட்ட பெருமூச்சு அவருக்குக் கேட்டது. பிறகு சொன்னார், "உள்ள நின்னு அடிச்சேன். ஒரு வாசனையும் வரல."

கவுன்டரில் யாரோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப இத்தன வருஷமா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் அவர். "இனிமே வராது."