சுவீடனின் இரண்டு பிரதிநிதிகள்

இளம்பச்சை அட்டையில் கறுப்பு மையால் 'சுவீடன்' என்று எழுதி, அது மேசைமேல் நிற்பதற்காகப் பின்னால் ஒரு தீப்பெட்டியை ஒட்டியிருந்தான் என் அத்தை மகன். தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கான மாதிரி ஐ.நா. சபை இரண்டு நாள் நடந்தது. ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். பேசுவதற்கு நான், எழுதுவதற்கு அவன். அவனுக்குத் திக்குவாய். அத்தை கணவனை இழந்து கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஆறு. அன்றிலிருந்து என் கைக்கு எட்டும் தூரத்திலேயே அவன் வளர்ந்தான். நான் அவனை அடிப்பேன். ஏனென்று யாரும் கேட்டதில்லை. நம் சோற்றைத் தின்பவன்தானே என்கிற எண்ணம் எனக்கு யாரும் சொல்லித்தராமலே வந்திருந்தது.

சபைக்குத் தலைவராகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் சட்டம் படிக்கும் பெண். சிறந்த நாடு எது என்று முடிவு செய்வது அவர் ஒருவர்தான். வெல்பவர்கள் டெல்லியில் நடக்கும் அகில இந்திய மாதிரி சபைக்குப் போகலாம். அதுவரை வேலூரைத் தாண்டியிராத எனக்கு, முதல் நாள் முழுக்க அவர் முகம்தான் பாடப்புத்தகம். புகழ்ந்து பேசியவர்களை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. டீ கொண்டுபோய் நீட்டிய பிரான்ஸ்காரனை, "உங்க இடத்துல போய் உக்காருங்க" என்றார். கொடுத்த நேரத்துக்குள், குரலை உயர்த்தாமல் முடித்தவர்களுக்கு மட்டும் லேசாகத் தலையசைத்தார். அன்றிரவே அவனை என் பேச்சை மூன்று முறை சுருக்கி எழுதவைத்தேன். மறுநாள் காலையில் பத்து விநாடி மீதம் வைத்து முடித்தேன். தலைவர் தலையசைத்தார். டெல்லி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

எங்களுக்குப் போட்டி பிரேசில். போரில் மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்று அவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். நான் அதை எதிர்த்துப் பேசினேன். பிரேசில் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பேசிவிட்டு, எங்கள் தீர்மானத்தை நகல் எடுக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. திருத்தத்துக்கு ஆதரவாக உயர்ந்திருந்த அட்டைகளுக்கு நடுவில் இளம்பச்சை அட்டையும் இருந்தது.

"சுவீடனுக்குப் பேச்சு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கமா?" என்று தலைவர் கேட்டார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார்.

இடைவேளையில் அவனைச் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். கன்னத்தில் விட்ட முதல் அறையிலேயே அவன் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அதை மிதித்தேன். "அது ச... சரியானதுதானேடா மச்சான்" என்றான். அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது. வயிற்றில் உதைத்தேன். குனிந்தவனின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். வாயில் குத்தியதில் அவன் உதடு கிழிந்து, பல்லில் பட்டு என் விரல் முட்டியும் கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கக் கை ஓங்கவே இல்லை. முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டான். சிறு வயதிலிருந்தே பழகிய மறைப்பு அது.

குழாயில் கை கழுவி, சட்டையைச் சரியாகச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். இறுதி உரை. "ஆயுதம் இல்லாதவன்மேல் ஓங்கப்படும் கை எந்த நாட்டுடையது என்று இந்தச் சபை கேட்க வேண்டியதில்லை, அதைப் பிடித்து நிறுத்தினால் போதும்." அவன் எழுதியது. நான் தடுமாறாமல் சொன்னேன். தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு உங்களுக்கு?" என்றார் தலைவர்.

அவன் எழுந்து நின்றான். "ப... படியில விழுந்துட்டேங்க."

"இந்த மண்டபத்துல படியே இல்லையே."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவரின் பார்வை மெதுவாக நகர்ந்து, மேசைமேல் இருந்த என் கையில் வந்து நின்றது. கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

பரிசு சுவீடனுக்குத்தான் கிடைத்தது. பித்தளைக் கோப்பையை அவன் கையில் கொடுத்தார். என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நல்லாப் பேசுனீங்க. கை எரியுதா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த நாட்டைக் கூப்பிட்டார்.

பஸ் நிலையம் வந்து சேரும்வரை பொறுத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ் பக்கத்தில், "அவகிட்ட என்னடா சொன்ன?" என்று மறுபடி கை ஓங்கினேன். கோப்பை என் நெற்றியில் இறங்கியது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. "போதும்டா" என்றான். திக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யார் அடித்தது என்று அப்பா கேட்டார். அவன் பெயரைச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா பெல்ட்டை உருவினார். அத்தை குறுக்கே விழுந்தாள். அவள் முதுகிலும் விழுந்தது. நான் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரத்தில் 'அப்பா' என்ற ஒரே ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். விடிந்ததும் அத்தையும் அவனும் இரண்டு பைகளோடு கிளம்பிப் போனார்கள். டெல்லிக்கு நான் தனியாகப் போனேன். அங்கே பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

செங்கம் சாலையில் ஒரு விடுதியில் கணக்கெழுதி, படித்து, அவன் வக்கீலானான். பதினைந்து வருஷம் கழித்து அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அத்தை என்னைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மாடியில் அவன் தனியாக நின்றபோது ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. அவன் அவசரப்படுத்தாமல், நான் முடிக்கும்வரை கேட்டான்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும், இல்லீங்களா மச்சான்?" என்றான். அவன் என்னிடம் முதல்முறையாக 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். "அத சொல்ல மாட்டேன். கீழ பந்தி ஆரம்பிச்சுட்டாங்க. சாப்பிட்டுப் போங்க."

இறங்கிப் போய் இலைமுன் உட்கார்ந்தேன். அத்தை பரிமாறினாள். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு எழுந்தேன்.