இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தவள்

என் வீட்டுக்காரரின் வண்டியில் கிளட்ச் கோளாறு என்று இரண்டு மாதம் அலைந்தோம். கோளாறு வண்டியில் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எங்களுக்குத் துணி வியாபாரம். நைட்டி, உள்பாவாடை, துண்டு, பிள்ளைகளுக்கு ஜட்டி. உத்திரமேரூரில் காலையில் கிளம்பினால் காவாந்தண்டலம் ஒரு நாள், திருமுக்கூடல் ஒரு நாள் என்று சுற்றுவோம். வண்டி ஓட்டுவது, தெருவில் கூவுவது, பேரம் பேசுவது எல்லாம் அவர்தான். நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். பெண்கள் யாராவது உள்ளே கூப்பிட்டு அளவு கேட்டால் அதை மட்டும் மெல்லச் சொல்வேன். நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எனக்கு வாயே வராது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

முதலில் நியூட்ரல் விழவில்லை. பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது கியரை மிதித்து மிதித்துப் பார்ப்பார். நியூட்ரலுக்கான பச்சை விளக்கு எரியாது. அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றினால் உள்ளே கடக்கென்று பல்லைக் கடிக்கிற சத்தம். நிற்கிற இடத்திலிருந்து எடுத்தால் வண்டி ஒரு தாவு தாவி அணைந்துபோகும். நான் மூட்டையோடு அவர் முதுகில் போய் இடிப்பேன்.

"இன்னாங்க, இப்பிடி குதிக்குது?"

"கிளட்ச் கேபிள் பூடுச்சிமே. இயுத்தா கல்லாட்டம் கீது."

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் இருந்தான். எங்கள் மகன் வயசு இருக்கும். முதல் தடவை கேபிளை மாற்றி எண்ணெய் விட்டு, கைப்பிடியில் எவ்வளவு தளர்ச்சி வேண்டுமோ அவ்வளவு வைத்துக் கொடுத்தான். நாலு நாள் கழித்துத் திரும்பப் போனோம். இன்ஜின் ஆயிலை மாற்றினான். மூன்றாம் தடவை அவனே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்தான்.

"நைனா, கியரு வெண்ண மாதிரி வியுது. உனுக்கு மட்டும் இன்னா பேஜாரு பண்ணுது?"

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு சொல்லல. வண்டிக்கி வயசாய்ச்சி, உனுக்குத்தான் இன்னும் ஆவல. அதான் ரெண்டுத்துக்கும் ஒத்துவரல."

"உங்க அம்மாவ கேளு, எனுக்கு வயசாய்ச்சான்னு."

அங்கே பஞ்சர் போட வந்தவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் சிரிக்கவில்லை.

புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிற பெண்ணுக்கு, ஓட்டுகிறவருடைய இடது பக்கம்தான் தெரியும். கிளட்ச் இடது கை. கியர் இடது கால். முப்பது வருஷமாக இரண்டையும் பார்த்துக்கொண்டே போய்வந்தவள் நான். முன்னே எல்லாம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போட்டால் போதும், கிளட்ச் முழுசாக உள்ளே வந்துவிடும். இப்போது நாலு விரலும் போட்டு இழுத்தார், பாதிதான் வந்தது. ஒருநாள் திருமுக்கூடல் பாலத்துக்கு முன்னால் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் நிறுத்தினார். இறங்கி ஓடிப்போய் எடுத்துவந்து அவர் காலுக்குக் கீழே வைத்தேன். போட்டுக்கொள்ள வெகு நேரம் பிடித்தது. வார் லூசாகிவிட்டது என்றார். வார் புதுசு.

கடைசியாகக் கிளட்ச் பிளேட்டையே மாற்றிவிடு என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மெக்கானிக் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம் கடைத் தார்ப்பாய் ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்துக் கேட்டான்.

"யம்மா, நீதான் பின்னால ஒக்காந்துகினு வர்ற. உனுக்கு இன்னா தெரியுது? சொல்லேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு பயம் இருந்தது. அவருக்கும் தெரியும் போல என்று அப்போது எனக்குத் தோன்றியது. வண்டி வியாதி என்றால் கழற்றி மாட்டிவிடலாம். கை வியாதி என்றால் என்ன செய்வது? அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் இவர் கையில் பலமில்லை என்று பெண்டாட்டி நான் எப்படிச் சொல்வேன்?

"வண்டிதான்பா ஒதறுது" என்றேன்.

"பாத்தியா?" என்றார் அவர். மெக்கானிக் புதுப் பிளேட்டை மாட்டினான்.

அங்கே சொல்லாவிட்டாலும் வீட்டில் சொல்லியிருக்கலாம். சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன் அந்த வாரமெல்லாம். அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.

காவாந்தண்டலம் ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் பிடித்தார், கிளட்சைப் பிடிக்க முடியவில்லை. வண்டி உலுக்கி அணைந்தது. இடது காலை ஊன்றப் பார்த்தார். அது ஊன்றவில்லை. மெதுவாக, மூட்டை சாய்வதைப் போல, மூன்று பேரும் சாய்ந்தோம், அவரும் நானும் வண்டியும். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவருக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆடு மேய்த்த அம்மாதான் ஷேர் ஆட்டோவை மறித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். இரண்டு மூன்று மாதம் முன்னால் மூட்டை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது கூரை இரும்பில் இடித்துக்கொண்டார். காபித்தூள் வைத்து அழுத்தினேன், சரியாகிவிட்டது என்றேன். வெளியில்தான் சரியானது, உள்ளே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை அமுக்கியிருக்கிறது என்றார்.

"கை பலமில்லாம எத்தனை நாளா இருக்கும்மா?"

"ரெண்டு மாசமா."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அப்பவே வந்திருந்தா சின்னதா ஓட்டை போட்டு எடுத்திருப்போம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். நடுவில் ஒரு தடவை கண் திறந்தார். நர்ஸ் கையை அழுத்தச் சொன்னபோது வலது கை அழுத்தியது. இடது கையை நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது ஒன்றும் செய்யவில்லை.

காரியம் முடிந்த பிறகு மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ரோட்டோரம் கிடந்ததை அவன்தான் எடுத்துப் போயிருந்தான். உள்ளே வரவில்லை. நின்றபடியே அழுதான்.

"நான்தாம்மா பாவி. பயய பிளேட்ட கழட்டுனேன் பாரு, தேயவே இல்ல. அப்பவே ஆள பாத்திருக்கணும். வண்டியவே பாத்துகினு இருந்துட்டேன். நைனாவ நான் வுட்டுட்டேம்மா."

இல்லடா கண்ணு, நீ கேட்ட, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும்.

"டீ சாப்பிட்றியாபா?" என்றேன்.

இன்ஜின் இறுகிப்போகும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கிறான். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போன வாரம் கேட்டான்: "யம்மா, நல்லா ஓடுற வண்டி. ஒராள் கேக்குறாரு. குட்த்துடலாமா?"

மகனும் விற்றுவிடு என்கிறான். இந்த வீட்டில் அதை ஓட்ட யாரும் இல்லை. வேண்டாம்பா, இருக்கட்டும் என்றேன். அவர் ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான், தலையை ஆட்டினான். அதற்கில்லை. வண்டி போய்விட்டால் அவன் இந்தப் பக்கம் வர மாட்டான். எந்த ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு வாய் வந்தால், கேட்க அவன் இருக்கவேண்டும்.