கும்பம் வைத்த வாளி

எங்கள் வீட்டு அல்பங்களில் என் கணவர் இல்லை. மகளின் முதலாவது பிறந்தநாள், ஒரேத்தோப் பகுதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள், எதை எடுத்துப் பார்த்தாலும் கேக்குக்குப் பின்னால் நானும் மகளும் மட்டும் நிற்போம். தெரியாதவர்கள் பார்த்தால் மனிசன் எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அவர் எங்கேயும் ஓடவில்லை. கீழே தெருவில், கூட்டாளியின் காருக்குப் பின்னால் நின்றார்.

இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ் ஆட்களின் கொண்டாட்டம் இப்படித்தான். பெண்கள் மேலே சாப்பாடு பரிமாறத் தொடங்கினால், ஆண்கள் காற்று வாங்கிவிட்டு வருகிறோம் என்று ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள். கார் டிக்கி திறந்திருக்கும். உள்ளே பியர்ப் பெட்டி, பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு பை மிக்சர். ஊருக்கே தெரிந்த ரகசியம். ஆனாலும் பெண்கள் இருக்கும் இடத்தில் மேசையில் போத்தல் வைப்பது மரியாதை இல்லையாம். காருக்குப் பின்னால் ஒளிந்து நின்று குடிப்பது மட்டும் பெரிய மரியாதை.

தை மாதத்தில் எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. அன்றைக்காவது அவர் என் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு முன்பே அவரிடம் சொன்னேன். குடிக்க ஒன்றுமில்லாத மேசையில் ஆம்பிளைகள் எவ்வளவு நேரம்தான் குந்தியிருப்பது என்று கேட்டார்.

"அப்ப மேசையிலை வைக்கிறன். நானே செய்து வைக்கிறன். நல்லா இருந்தா நீங்கள் எழும்பக் கூடாது."

"ஓம், நல்லா இருந்தா எழும்பமாட்டன்," என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. என்னால் முடியாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

ஆனால் நான் வெறும் வாயால் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் மகன் பல வருடமாக வீட்டிலேயே பியரும் சைடரும் செய்து வந்தான். சைடர் என்பது அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்வது, பியர் மாதிரி நுரைக்கும். அவன் செய்வான், குசினியைக் கழுவுவது நான். கழுவிக் கழுவியே முக்கால்வாசி படித்துவிட்டேன். அவன் வேலைக்காக மிலானுக்குப் போனபோது சின்யோரா அந்த மூடி போட்ட பெரிய வாளியைக் குப்பையில் போடச் சொன்னார். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியில் ஒரு துளை இருக்கும். அதில் தண்ணீர் விட்ட வளைந்த குழாய் ஒன்றைச் செருகினால், உள்ளே கிளம்பும் காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

போர்கோ வெக்கியோ சந்தையில் மத்தியானம் கடை மூடும் நேரத்தில் அடிபட்ட அப்பிள்களை மலிவாகத் தருவார்கள். இரண்டு பை வாங்கி, வெட்டி, மிக்சியில் அடித்து, அவருடைய பழைய வேட்டித் துண்டில் போட்டுத் தேங்காய்ப்பால் பிழிவதுபோல் பிழிந்தேன். ஈஸ்ட் சேர்த்து மூடினேன். அடுத்த நாளே குழாயில் குமிழி வரத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் பிழை வந்தது. அப்பத்துக்கு மா புளிக்க வைத்த எந்தக் கையாவது மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்குமா? பொங்கிவிட்டதா, மணம் எப்படி, கரண்டியால் ஒருதரம் கலக்கிவிடுவோமா என்று காலையில் திறந்தேன், வேலையால் வந்து திறந்தேன். படுக்கப்போக முன்னும் திறந்தேன். மா அதைப் பொறுத்துக்கொள்ளும். சைடர் பொறுக்கவில்லை. திறக்கத் திறக்க வெளிக்காற்று உள்ளே போய், முழு வாளியும் வினாகிரியாகிவிட்டது.

அவரும் கூட்டாளியும் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்கள். சலாட்டுக்கு ஊற்றலாம் என்றார் கூட்டாளி. நான் அந்த வினாகிரியில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அச்சாறு செய்தேன். வெட்கம் கெட்ட மனிதர், அடுத்தமுறை வந்தபோது அதில் ஒரு போத்தல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுபடி அப்பிள் வாங்கிப் பிழிந்தேன். செய்முறையில் குறை இல்லை, என் கையில்தான் குறை. அந்தக் கையை எப்படிக் கட்டுவது என்று யோசித்தேன். பிறகு சாமித் தட்டை எடுத்து வந்தேன். வாளியைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டினேன். மூடியில் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். கும்பம் வைத்தால் வைத்ததுதான். பூசை முடியும்வரை அதை யாரும் அசைக்கமாட்டார்கள், தொடவும் பயப்படுவார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு.

"இதென்ன, சாராயத்துக்குக் கும்பமோ? சாமிக் குற்றம் வரப்போகுது," என்றார் அவர்.

அது சாமிக்கும் எனக்கும் இடையிலுள்ள கதை, நீங்கள் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றேன். கை துறுதுறுத்த போதெல்லாம் பொட்டைப் பார்த்தேன், கையை இழுத்துக்கொண்டேன். குளிர்காலம் என்பதால் மொண்டெல்லோக் கடற்கரையில் அவருடைய ரெஸ்டாரண்ட் வேலை நின்றிருந்தது. வீட்டில் இருந்த அவரும் வாளியைத் தாண்டும்போது சற்று ஒதுங்கியே நடந்தார். குமிழி நின்ற பிறகுதான் கும்பிட்டு நூலை அவிழ்த்தேன். உள்ளே வெளிறிய பொன்னிறம். புளிப்பு நாற்றம் துளியும் இல்லை. நுரைக்கட்டும் என்று தடித்த போத்தல்களில் கொஞ்சம் சீனியோடு அடைத்து வைத்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை யாருக்கும் சொல்லவில்லை.

கலியாண நாளன்று ரோல்ஸுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் நடுவே போத்தல்களை நிறுத்தினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் வழமைபோலக் கீழே போய்விட்டிருந்தார்கள். நான் முதல் போத்தலைத் திறந்து அவருக்கும் கூட்டாளிக்கும் ஊற்றினேன். நுரை பொங்கி வந்தது. கூட்டாளி ஒரு வாய் குடித்தார், பிறகு முழுவதையும் குடித்தார். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

என் கணவர் கதவைப் பார்த்தார், தன் கிளாஸைப் பார்த்தார், கதிரையின் நுனிக்கு வந்தார். போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் இன்னொரு வாய் குடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. கூட்டாளி பியர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கோப்பைகளோடும் மிக்சர்ப் பையோடும் கீழே நின்ற எல்லோரும் வந்தார்கள்.

"டிக்கியைப் பூட்டிப்போட்டு வந்திட்டன்," என்றார் கூட்டாளி. "தங்கச்சி, அதிலை இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."

ஊற்றினேன். பெண்களுக்கும் ஊற்றினேன். ஒருத்தி கொஞ்சம் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டியபடி இருந்தாள். கேக் வெட்டும் நேரத்தில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மகள் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னாள்.

என் கணவர் கதிரையில் அசையாமல் இருந்தார், பெரிய வீரர் மாதிரி.

"பாத்தனீரோ, நான் எழும்பேல்லை," என்றார்.

"இப்ப எழும்புங்கோ. வந்து எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ," என்றேன்.

எழும்பி வந்து நின்றார்.