ஒரு மணிக்கு இறங்கியவள்

அந்தக் கட்டட வேலையில் எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கம்பிக்கட்டுகளைத் தூக்கி அரைச் சாண் பிசகாமல் இறக்கி வைப்பவள். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் கால் தரையில் படும். மேலே கழிப்பறை கிடையாது. நடுவில் இறங்கினால் கீழே நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட், கண் சொக்காமலிருக்க மடக்கு மடக்காகக் கடுந்தேநீர், அவ்வளவுதான்.

ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. இரவில் தூக்கம் போனது. சலவைக்கடையில் வேலை செய்யும் கணவர் ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டுவிட, அவர்மேல் எரிந்து விழுந்தாள். அடுத்த நிமிடமே குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மேலே சுமை தொங்கும்போதெல்லாம், கயிறு அறுந்து எல்லோர் தலையிலும் விழப்போகிறது என்று நெஞ்சு படபடத்தது.

“எனக்குப் பைத்தியம் பிடிக்குதுங்களா?”

“பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிளம்பு, டாக்டரைப் பார்ப்போம்” என்றார் அவர்.

டாக்டரம்மா எடுத்த எடுப்பில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“டீ.”

“மதியம்?”

“பிஸ்கட்.”

“தண்ணி?”

அவள் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“பசி, தாகம், இத்தனை டீ. அது போதாதுன்னு சுமை விழுந்துடுமோன்னு வேலை பயம் வேற. ஒண்ணு இன்னொண்ணைக் கிளப்பி விடுது. மாத்திரை தரேன், வாரம் ஒரு தடவை வந்து மனசு விட்டுப் பேசுங்க. ஆனா உடம்பைக் காயப்போட்டுட்டு மனசு மட்டும் தெளியணும்னா நடக்காது.”

மறுநாள் அவள் இன்ஜினியரிடம் போய், மதியம் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும் என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இத்தனை நாள் இல்லாத பசி இப்போ எங்கிருந்து வந்துச்சு?”

“இத்தனை நாளும் இருந்துச்சு சார். நான்தான் சொல்லல.”

மணி ஒன்று. கிரேன் நின்றது. கழுகக்கா ஏணியில் இறங்கி வந்தாள். கழிப்பறைக்குப் போனாள், கை கழுவினாள், பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சோறு, கீரை, இரண்டு முட்டை, கணவர் கட்டிக்கொடுத்தது. இன்ஜினியர் ஓடி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உடனே மேல போங்க!”

“சாப்பிட்டுட்டுப் போறேன்.”

“நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்!”

“போடுங்க சார். அவரும் சாப்பிடுவார்தானே?”

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாய்க்குச் சோற்றில் கீரையைப் பிசைந்தாள்.

இன்ஜினியர் சொன்னபடியே வேறு ஆளைப் போட்டார். இரண்டு நாள் அவள் வீட்டில் கிடந்தாள். வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டோமோ என்ற பயம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் நாள் மதியம், கீழே நின்று அவளுக்குக் கொடி காட்டும் சிக்னல்காரர் போன் செய்தார்.

“அக்கா, புது ஆளும் ஒரு மணிக்கு இறங்கிட்டார்!”

“நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?”

“நான் எதுக்கு? அவருக்கும் வயிறு இருக்கே!”

மூன்றாம் நாள் காலை இன்ஜினியரே கூப்பிட்டார். மதியம் ஒரு மணி நேரம் கிரேன் நிற்கும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாத்திரை இன்னும் உண்டு. வாரப் பேச்சும் உண்டு. ஆனால் கை நடுக்கம் நின்றுவிட்டது. கரண்டி விழுந்தால் கரண்டிதான் விழுகிறது, அவள் எரிந்து விழுவதில்லை. போன வாரம் மழைக்கு முன் தளம் போட வேண்டிய அவசரத்தில், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“இன்னைக்கு மட்டும் பத்து நிமிஷத்துல முடிச்சுக்கக் கூடாதாம்மா?”

கழுகக்கா வாயிலிருந்ததை முழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “நல்லா மென்னு சாப்பிடணும் சார்.”