சுத்தியல் தொடாத கை

தெருவில் என் அண்ணிக்கு ‘சைட்டுக்காரி’ என்று பட்டம். வைத்தவன் நான், அதற்காக முதுகில் வாங்கியவனும் நான்.

துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்னறையில் அண்ணிக்கு வேலை. பிஸ்டலின் முதுகில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். அதுதான் சைட். பின்னால் இருப்பது ஒரு குறுக்குப் பள்ளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குண்டு ஒதுங்கினால் அதை மயிரிழை நகர்த்தவேண்டும்.

ஊரில் பாதிப் பேர் இதற்குச் சுத்தியலைத் தூக்குவார்கள். அண்ணியிடம் இருப்பது திருகு. பிஸ்டலின் மேல்பாகத்தைக் கவ்விக்கொள்ளும் இரும்புச் சட்டம், அதன் பக்கத்தில் நீளத் திருகு, திருகின் மூக்கில் பித்தளைக் கட்டை. கைப்பிடியைச் சுற்றினால் சைட் சத்தமில்லாமல் நகரும், ஒரு கீறல் விழாது. லேத்துக்காரர் பக்கத்தில் நின்று தனக்கென்று கடைந்து வாங்கியது. அதை அண்ணி துடைக்கிற மாதிரி நான் தேய்த்துக் குளித்திருந்தால் சிவப்பாகியிருப்பேன்.

அந்த அண்ணியைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

போட்டிக்குப் போகும் பெண் ஒருத்தியின் பிஸ்டல் இடதுபக்கமே சுட்டது. அண்ணி பின் சைட்டைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளினார். குண்டு நடுவில் விழுந்தது. அதைக் கிளப் கோச் பார்த்தான். (அவனுக்கு மரியாதை கிடையாது.) சைட் கோணலாக நிற்கிறதாம்! கண்ணுக்கு அழகாக நடுவில் இருக்கவேண்டுமென்று சுத்தியலால் ஒரு போடு போட்டுத் தள்ளிவிட்டான். போட்டியில் அந்தப் பெண் சுட்டதெல்லாம் இடதுபக்கம். பழி அண்ணி தலையில்.

“இந்தப் பக்கம் சுத்தியல் பட்ட பள்ளம் இருக்கு சார். திருகுல தள்ளுனா இப்படி விழுமா? ஒரு தடவ பாருங்க.”

கிளப் முதலாளி பார்க்கவில்லை. கோச் அவர் தங்கை புருஷன். எல்லோர் முன்னாலும், “நாளைலருந்து வரவேண்டாம்மா” என்றார். பார்க்கமாட்டேன் என்பவனுக்கு உடம்பெல்லாம் கண் இருந்தும் என்ன?

அடுத்த வாரம் கோச் எங்கள் வாசலில் நின்றான். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“டேய், உங்க அண்ணியோட அந்தத் திருகை முதலாளி கேட்டாரு.”

ஆள் வேண்டாமாம், சாமான் மட்டும் வேண்டுமாம்! உடைந்த சமையலறைக் குழாயைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். “பாத்து எடுத்துட்டுப் போங்க மாமா, நுணுக்கமான சாமான்.”

அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எதுக்குடா கேட்டான்?”

“அதே பொண்ணுக்குப் புது சைட் மாட்டணுமாம். தப்பான பக்கத்துலருந்து அடிச்சு இறக்கி, பாதியில மாட்டிக்கிச்சாம்.”

“நாளைக்கு அடுத்த போட்டிடா அவளுக்கு. அறிவிருக்கா உனக்கு?”

திருகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

கிளப்பில் மேஜைமேல் எங்கள் குழாய் கிடந்தது. அந்தப் பெண் அழுத முகத்தோடு இருந்தாள். அண்ணி திருகை வைத்து, மாட்டிக்கொண்ட சைட்டை வந்த வழியே வெளியே தள்ளினார், பிசிறை அரத்தால் ராவினார், சரியான பக்கத்திலிருந்து ஏற்றினார். அவள் சுட்டாள். நடுவில்.

முதலாளியின் பல்லெல்லாம் தெரிந்தது. “நாளைக்கே வந்துரும்மா.”

“வரேன் சார். எல்லாரையும் வச்சுத்தானே போகச் சொன்னீங்க? அதே மாதிரி எல்லாரையும் வச்சு, ‘அது உன் தப்பு இல்லை’ன்னு சொல்லுங்க.”

முதலாளி கோச்சைப் பார்த்தார். கோச் குழாயைப் பார்த்தான்.

“அதெல்லாம் எதுக்கும்மா, விடு…” என்றார் முதலாளி.

“அக்கா, அந்தப் பள்ளத்தை நானும் பாத்தேன்” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

“அன்னைக்கு வாய் எங்கம்மா போச்சு?”

அவள் தலை குனிந்தது. அண்ணி திருகைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

இப்போது லேத்துக்காரரிடம் வேலை. அந்த ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?